தலைக்கட்டுப் பட்டியல் இணையத்துக்கு வரும்போது: வாசகர் கேள்வி பதில்

ஊர்ச் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், முன்னாள் மாணவர் அமைப்புகள் முதலியவை சொந்தமாக இணையதளம் நடத்துவது நம் பகுதியில் பெருகியிருக்கிறது. அவற்றில் சேரும் ஆட்களின் விவரங்களை எப்படிக் கையாள்வது, தனியுரிமைக் கொள்கை என்று எதை எழுதி வைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு இணையதளம் தொடங்கியிருக்கிறோம். பங்குனி உத்திரத்துக்கு வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பதால், தலைக்கட்டு வரி, அர்ச்சனைக்கான நட்சத்திரம், செல்பேசி எண், முகவரி எல்லாவற்றையும் தளத்திலேயே பதிந்துவிடச் சொல்கிறோம். தனியுரிமைக் கொள்கை இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னதன்பேரில், தளத்தை அமைத்துக் கொடுத்த தம்பி ஆங்கிலத்தில் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்திருக்கிறார். அது போதுமா?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: போதாது. அதை இன்றே எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இப்படி எடுத்து ஒட்டப்பட்ட கொள்கைகள் பலவற்றை நான் படித்துப் பார்த்திருக்கிறேன். "எங்கள் வணிகக் கூட்டாளிகளுடன் உங்கள் விவரங்களைப் பகிர்வோம்" என்று ஒரு வரி இருக்கும். கலிஃபோர்னியாவில் வசிப்போரின் உரிமைகள் பற்றி ஒரு பத்தி இருக்கும். கோயில் கமிட்டி ஒருபோதும் வாங்காத கிரெடிட் கார்டு எண்ணை எப்படிக் காப்போம் என்று விளக்கம் இருக்கும். வரி கட்டும் குடும்பத்தாரிடம் கமிட்டி எழுத்தில் கொடுக்கும் வாக்குறுதிதான் அந்தக் கொள்கை. கமிட்டியில் எவரும் வாசித்துப் பார்க்காத ஒன்றை வாக்குறுதியாகக் கொடுப்பது, வரி கட்டுகிறவரை ஏமாற்றுவதாகவே முடியும். அவ்வாறு ஏமாற்றும் எண்ணம் உங்களில் ஒருவருக்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கொள்கையை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு மாலை நேரத்தில் பொருளாளரையும் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியையும் உட்கார வைத்து, பதிவுப் படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இது எதற்கு என்று கேளுங்கள். பெயரும் நட்சத்திரமும் அர்ச்சனைக்கு. செல்பேசி எண் விழா நாளைச் சொல்லவும் ரசீது அனுப்பவும். முகவரி பிரசாதத்தைத் தபாலில் அனுப்ப. இவற்றுக்குக் காரணம் இருக்கிறது. பிறந்த தேதி எதற்கு? நட்சத்திரம் வாங்கிவிட்ட பிறகு அதற்கு வேலையே இல்லை. அதே தேதியை வங்கிகளும் பிற நிறுவனங்களும் ஆளை அடையாளம் காணக் கேட்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். தொழில், வருமானம் என்ற கட்டங்கள் எதற்கு? நன்கொடை கேட்க உதவும் என்று யாராவது சொன்னால், அந்தக் காரணத்தை அப்படியே தளத்தில் எழுதிப் போடத் துணிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பங்காளி வீடுதான் என்பதற்குச் சான்றாக ஆதார் அட்டையின் படத்தை வாங்கும் கமிட்டிகளும் உள்ளன. வரி எழுதுவதற்கு ஆதாரின் 12 இலக்கமும் தேவையே இல்லை. யார் வீட்டுப் பிள்ளை என்பதை ஊரில் இருக்கும் இரண்டு பெரியவர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும். காரணம் சொல்ல முடியாத கட்டங்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். வாங்காத விவரத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இல்லை, அதைப் பற்றிக் கொள்கையில் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

அடுத்த கேள்வி, யார் பார்க்கலாம் என்பது. வரி நோட்டு பொருளாளர் வீட்டு அலமாரியில் இருந்தவரை அதை எட்டிப் பார்த்தவர்கள் பத்துப் பேர். அதையே பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் ஏற்றிவிட்டால், செல்பேசி எண்ணைக் கூகுளில் தட்டுகிற எவருக்கும் குடும்பத் தலைவரின் பெயரும் முகவரியும் சேர்ந்து கிடைத்துவிடும். நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டுவதும் குழல்விளக்கில் "உபயம்" என்று எழுதுவதும் காலங்காலமாக நடப்பதுதானே என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உபயதாரர் தம் பெயர் அங்கே தெரிய வேண்டும் என்று விரும்பியே கொடுத்தார். அவருடைய செல்பேசி எண்ணையோ அவர் மகளின் நட்சத்திரத்தையோ யாரும் கல்லில் வெட்டியதில்லை. தளத்திலும் அதே அளவோடு நின்றுகொள்ளுங்கள்: நன்கொடையாளரைக் கேட்டு, அவர் சம்மதித்தால், பெயரும் ஊரும் மட்டும். வரி பாக்கி வைத்திருப்போர் பட்டியலை எந்தக் காரணம் கொண்டும் ஏற்றாதீர்கள். வேலை போய், அல்லது வீட்டில் நோய் வந்து கட்ட முடியாமல் போனவரை உலகம் முழுவதும் பார்க்க நிறுத்தி வைப்பது குலதெய்வத்தின் பெயரால் செய்யத்தக்க காரியமே இல்லை. பணம் அனுப்பியதற்கான யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டுகளை நன்றியுரையோடு தளத்தில் போடுவதையும் நிறுத்துங்கள். பலருடைய யுபிஐ முகவரியில் செல்பேசி எண் அப்படியே இருக்கும்.

இவ்வளவையும் தீர்மானித்த பிறகு எழுத உட்கார்ந்தால், கொள்கை ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. மாதிரிக்கு ஒன்று எழுதித் தருகிறேன்:

"கோயில் வரிக்காகவும் அர்ச்சனைக்காகவும் உங்கள் பெயர், நட்சத்திரம், செல்பேசி எண், அஞ்சல் முகவரி ஆகிய நான்கை மட்டும் வாங்குகிறோம். பெயரும் நட்சத்திரமும் அர்ச்சனைக்கும், செல்பேசி எண் விழா அறிவிப்புக்கும் ரசீதுக்கும், முகவரி பிரசாதம் அனுப்புவதற்கும் பயன்படும். வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம். இவற்றைக் கமிட்டித் தலைவர், பொருளாளர், தளப் பொறுப்பாளர் ஆகிய மூவர் மட்டுமே பார்க்க முடியும். தளத்தை வைத்திருக்கும் சர்வர் நிறுவனத்தின் பெயர் கீழே தரப்பட்டுள்ளது. உங்கள் விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் நீக்கவும் கீழுள்ள எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். பதினைந்து நாளுக்குள் செய்து முடித்துத் தெரிவிப்போம். நீக்கச் சொன்னதற்காகக் கோயிலில் உங்களுக்குரிய மரியாதையில் எந்தக் குறையும் வராது. எங்கள் பதிலில் நிறைவு இல்லையென்றால் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடலாம்."

இதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துப் போட்டால் இதுவும் ஒட்டுப்போட்ட கொள்கையாகிவிடும். உங்கள் கமிட்டியில் மூவருக்குப் பதில் ஏழு பேர் பார்க்கிறார்கள் என்றால் ஏழு என்றே எழுதுங்கள். பதினைந்து நாளில் முடியாது என்றால் முடிகிற நாளைச் சொல்லுங்கள். மும்பையில் வளர்ந்து தமிழ் வாசிக்காத பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு பிரதி வைப்பது நல்லதுதான். ஆனால் தமிழ்ப் பிரதியே மூலமாக இருக்கட்டும், ஏனென்றால் வரி கட்டுகிற ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் படித்துக் காட்ட வேண்டியது அதுதான்.

கேள்வி: நாங்கள் அறுபது பேர் கொண்ட வாசகர் வட்டம், பதிவு செய்யப்படாத அமைப்பு. இவ்வளவு சிறிய குழுவையும் சட்டம் கட்டுப்படுத்துமா? ஜெர்மனியில் மகன் இருக்கும் உறுப்பினர் ஒருவர், ஐரோப்பியச் சட்டமும் நமக்குப் பொருந்தும் என்று பயமுறுத்துகிறார்.
— ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல், அறிவிப்பு, பாதுகாப்பு முதலிய முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன.

அந்தச் சட்டத்தில் "நபர்" என்ற சொல்லுக்குத் தந்திருக்கும் விளக்கத்தில், பதிவு செய்யப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்கள் சேர்ந்த குழு ஒவ்வொன்றும் அடங்கும். இத்தனை உறுப்பினருக்குக் கீழ் இருந்தால் விலக்கு என்ற வரம்பு அதில் இல்லை. ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் விவரத்துக்கு விலக்கு உண்டு. உங்கள் செல்பேசியில் நண்பர்களின் எண்கள் இருப்பது அப்படிப்பட்டது. அறுபது பேரின் எண்களைத் தளத்தில் போடுவது அந்த விலக்குக்குள் வராது. காகிதத்தில் வாங்கிப் பின்னர் கணினியில் ஏற்றினாலும் சட்டம் பொருந்தும். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற எண்ணைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அது உச்ச வரம்பு, தவறின் தன்மையையும் கனத்தையும் பார்த்தே தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஐரோப்பியச் சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பாவில் இருப்போருக்கென்று சேவை அளிக்கும் வெளிநாட்டு அமைப்புகளை அது கட்டுப்படுத்தும். வள்ளியூர் வாசகருக்காக நடத்தும் தளத்தை அங்கிருந்து ஒருவர் திறந்து படித்தார் என்பதால் மட்டும் நீங்கள் அதற்குள் வந்துவிட மாட்டீர்கள். ஆயினும் இதற்கு முந்தைய சட்டத்தின் கீழ் அங்கே நடந்த ஒரு வழக்கு நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. சுவீடனில் ஒரு திருச்சபையில் தொண்டாற்றிய பெண்மணி, திடப்படுத்தல் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, 1998ஆம் ஆண்டின் இறுதியில் தம் வீட்டுக் கணினியில் சில இணையப் பக்கங்களை அமைத்தார். தம்மோடு பணியாற்றிய 18 பேரைப் பற்றி அன்போடுதான் எழுதினார். சிலருடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். ஒருவருக்குக் காலில் அடிபட்டதால் அரை நேரம்தான் வேலைக்கு வருகிறார் என்றும் எழுதினார். அவர்களில் யாரையும் முன்கூட்டிக் கேட்கவில்லை. சிலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பக்கங்களை எடுத்துவிட்டார். இருந்தும் அவருக்கு அங்குள்ள நீதிமன்றம் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டின்போது சுவீடன் நீதிமன்றம் அனுப்பிய கேள்விகளுக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2003 நவம்பர் 6 அன்று பதில் அளித்து, எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுவது வீட்டுக் காரியம் ஆகாது என்றும், கால் அடிபட்ட செய்தி உடல்நலம் பற்றிய விவரமே என்றும் சொன்னது. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஒரு தொண்டர் அவர். பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் எந்தச் சபையின் செய்தி மடலிலும் "இன்னாருக்காக ஜெபியுங்கள், இந்த நோயால் படுத்திருக்கிறார்" என்ற வரியை நாம் காணலாம். சபைக்குள் வாசிப்பது வேறு. அதே மடலை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அந்த வீட்டாரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம், இப்போது படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது. பெறும் பிள்ளைகளின் படம், பெயர், வகுப்பு, குடும்பச் சூழல் ஆகியவற்றைத் தளத்தில் போட்டால் வெளிநாட்டில் இருப்பவர்கள் மேலும் கொடுப்பார்கள் என்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: குடும்பச் சூழலை எழுதாதீர்கள். "தந்தை குடிப்பழக்கத்தால் இறந்தார், தாய் பீடி சுற்றுகிறார்" என்று ஒரு பிள்ளையின் படத்துக்குக் கீழே எழுதிய பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை பத்தாண்டுக்குப் பின் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தப் பக்கம் அங்கேயே இருக்கும். பதினெட்டு வயது நிறையாதவர்களின் விவரத்தைக் கையாள, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. உதவித்தொகை வாங்க வந்திருக்கும் தாயிடம் அதே மேசையில் ஒப்புதல் தாளை நீட்டினால் அவர் மறுப்பாரா? ஒப்புதல் சுதந்திரமாகவும் நிபந்தனை இல்லாமலும் கொடுக்கப்பட வேண்டும் என்பதும் சட்டத்தின் சொல்தான். எனவே பணத்தை முதலில் கொடுத்துவிடுங்கள். படம் பற்றிய பேச்சைத் தனியாக, வேறொரு நாளில், மறுத்தாலும் உதவி நிற்காது என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை ரூபாய் கொடுத்தோம் என்ற கணக்கைத் தெளிவாக வெளியிட்டால், கொடுக்க மனமுள்ளவர்களுக்கு அதுவே போதும் என்பது என் நம்பிக்கை. படம் ஏற்றத்தான் வேண்டுமென்றால், எடுத்த இடத்தின் குறிப்பு படக்கோப்புக்குள் பதிந்திருக்கக்கூடும் என்பதால் அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது உதவி கேட்டவர்களின் பட்டியலை எங்கள் தெரு நலச் சங்கத் தளத்தில் போட்டோம். அதன் இணைப்பை இப்போது எடுத்துவிட்டோம். சரிதானே?
— ஒரு வாசகர், திருநெல்வேலி சந்திப்பு

பதில்: டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைமீறி ஓடியபோது, யார் வீட்டில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாலாபக்கமும் தெரிவித்த உங்களைப் போன்றோரின் பணியை ஊர் மறக்கவில்லை. பேரிடரில் உதவுவதற்காக விவரத்தைக் கையாள ஒப்புதல் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்று சட்டமும் இடம் கொடுக்கிறது. ஆனால் நோக்கம் முடிந்ததும் விவரமும் போக வேண்டும். "தனியாக இருக்கும் மூதாட்டி", "இன்சுலின் தேவை", "ஏழு மாதக் கர்ப்பிணி" என்று கதவு எண்ணோடு எழுதிய பட்டியல், தண்ணீர் வடிந்த பிறகு திருடனுக்கும் மோசடிக்காரனுக்கும் மட்டுமே பயன்படும்.

இணைப்பை எடுத்தது பாதி வேலைதான். கோப்பு இன்னும் சர்வரில் கிடந்தால், பழைய முகவரி தெரிந்தவர் நேராகத் திறந்துவிடலாம். கோப்பையே நீக்குங்கள். பட்டியல் கூகுள் ஷீட்டில் இருந்திருந்தால், "இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்" என்ற அனுமதியை அடைத்துவிட்டுப் பிறகு அழியுங்கள். அதன்பின் உங்கள் தெருவில் இருவருடைய எண்ணைக் கூகுளில் தேடிப் பாருங்கள். பழைய பக்கம் இன்னும் தெரிந்தால், காலாவதியான பக்கத்தை நீக்கக் கோரும் வசதி கூகுளிலேயே உள்ளது. அடுத்த மழைக்காலத்துக்கு முன், இந்தப் பட்டியல் தண்ணீர் வடிந்து ஒரு மாதத்தில் அழிக்கப்படும் என்ற வரியைக் கொள்கையில் சேர்த்து, அழிக்க வேண்டியவர் யார் என்பதையும் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வையுங்கள்.

கேள்வி: உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் ஊர்க்காரர் ஒருவர், சங்க உறுப்பினர்களின் எண்களைக் கேட்கிறார். நம்மவர்தானே, கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: கொடுக்கக் கூடாது. உறுப்பினர் எண்ணைக் கொடுத்தது சங்கச் செய்திக்கு. அவர் மறுக்கமாட்டார் என்று நீங்கள் நினைத்தாலும், முடிவு செய்ய வேண்டியவர் அவர். வேட்பாளரின் செய்தியைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, விரும்புகிறவர்கள் அவரைத் தாங்களே அழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். நகைக் கடையும் மனை விற்பவரும் கேட்டாலும் இதே பதில்தான்.

கேள்வி: எங்கள் தளத்தில் படிவமே இல்லை, ஊர் வரலாறும் கொடை விழாக் காணொளிகளும் மட்டும்தான். எங்களுக்கும் தனியுரிமைக் கொள்கை தேவையா?
— ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: நீங்கள் கேட்காவிட்டாலும் தளம் கேட்டுக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவரின் ஐபி முகவரியை (இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) சர்வர் பொதுவாகக் குறித்து வைக்கும். யூடியூப் காணொளியைப் பக்கத்துக்குள் பதித்திருந்தால், பக்கம் திறந்ததுமே கூகுளுக்கும் செய்தி போகும். வருகைக் கணக்கு காட்டும் கருவியும் ஃபேஸ்புக் பொத்தானும் கூகுள் வரைபடமும் அப்படியே. எழுத்துருவைக்கூட வெளியிலிருந்து வரவழைத்தால் இது நடக்கும்: 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், பார்வையாளரைக் கேட்காமல் அவருடைய ஐபி முகவரி எழுத்துரு வழியாகக் கூகுளுக்குப் போனதற்காக, தள உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்றது.

ஆகவே உங்களுக்கு வேண்டியது மூன்று நான்கு வரிகள். எந்த வெளி நிறுவனங்களின் கருவிகள் தளத்தில் உள்ளன என்பதைப் பெயரோடு எழுதுங்கள். தேவையில்லாததை எடுத்துவிடுங்கள், வருகைக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை என்றால் அந்தக் கருவி அங்கே எதற்கு? காணொளியைப் பதிப்பதற்குப் பதில் இணைப்பாகக் கொடுத்தாலும் கொடை விழாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் தொட்டுப் பார்க்கத்தான் போகிறார்கள்.

கேள்வி: ஒருவர் தம் பெயரையும் எண்ணையும் தளத்திலிருந்து நீக்கச் சொல்கிறார். காரணம் சொல்ல மறுக்கிறார். கமிட்டியில் சிலர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகர், களக்காடு

பதில்: நீக்குங்கள், காரணம் கேட்காதீர்கள். ஒப்புதல் கொடுத்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இதில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் செயலராக இருந்த ஒரு சிறு அமைப்பின் உறுப்பினர் பட்டியலை, எண்களும் முகவரியுமாக, நானே தளத்தில் ஏற்றினேன். கணவரை இழந்து தனியே வசித்த உறுப்பினர் ஒருவர் அழைத்து, "அண்ணாச்சி, என் பேரை மட்டும் எடுத்துருங்க" என்றார். ஏன் என்று நான் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம் என்று நானும் இருந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவன் அந்தப் பட்டியலில் இருந்து எண்ணை எடுத்து இரவு நேரங்களில் அவரை அழைத்துத் தொந்தரவு செய்துகொண்டிருந்தான் என்பது ஆறு வாரம் கழித்து வேறொருவர் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிரவே எடுத்தேன். அந்த ஆறு வாரத்துக்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்றாலும், ஏன் என்று கேட்ட அந்த ஒரு கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. தனக்கு நடப்பதை வாய்விட்டுச் சொன்னால்தான் பெயரை நீக்குவேன் என்று அவரிடம் நான் கேட்டதாகத்தானே அதற்குப் பொருள்.

உங்கள் தளத்தில் நீக்கக் கோருவதற்கான எண்ணைக் கொடுக்கும்போது, அந்தச் செய்தியை வாங்குகிறவர் யார் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். பெண்கள் தயங்காமல் அழைக்கக்கூடிய ஒரு பெண் உறுப்பினரும் அந்தப் பொறுப்பில் இருப்பது நல்லது. கமிட்டி மாறும்போது மின்னஞ்சல் கணக்கும் பாஸ்வேர்டும் புதியவர்களுக்குக் கைமாறி, பழையவர்களின் செல்பேசிகளிலும் கணினிகளிலும் உள்ள பட்டியல் பிரதிகள் அழிக்கப்பட்டன என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். களக்காட்டு வாசகரே, அவர் நீக்கச் சொன்ன அந்தப் பெயரை, கமிட்டிக் கூட்டத்துக்குக் காத்திராமல், இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு எடுத்துவிடுங்கள்.